“இது ரெக்கார்டில் எங்கே இருக்கிறது?”: ஒரு காப்புரிமை அப்பீல் அனுபவம்

2022 ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. காலையில் காபியோடு உட்கார்ந்து, என் கட்சிக்காரர்களின் காப்புரிமை விண்ணப்பங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று இணையதளத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விண்ணப்பத்துக்கு நேரே ‘நிராகரிக்கப்பட்டது’ என்று இருந்தது. ஆணையைத் திறந்தேன். தேதி ஜூன் 14. பத்தொன்பது நாள் ஓடிவிட்டது, எனக்குத் தெரியவே இல்லை.

அது பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் மில் நடத்தும் ஒரு பெரியவரின் விண்ணப்பம். நாரைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் தூளைச் செடி வளர்க்க வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அதில் உப்பு அதிகம். கழுவித்தான் அனுப்ப வேண்டும், கழுவத் தண்ணீர் ஏராளமாகச் செலவாகும். அவர் தகரத் தட்டுகளை அடுக்கி, கடைசித் தட்டில் கழுவிய தண்ணீரையே முந்தைய தட்டுக்குத் திருப்பிவிட்டு, ஒவ்வொரு தட்டும் குறிப்பிட்ட இடைவெளியில் சாய்ந்து நிமிர்வதுபோல ஓர் இயந்திரம் செய்திருந்தார். பட்டறையில் வெல்டரோடு நின்று தானே உருவாக்கியது. நான் அதைப் பார்க்கப் போன அன்று மதியச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு விளக்கிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை அமைதியாகக் கேட்டார். “தள்ளிட்டாங்களாங்க தம்பி? அப்ப அன்னிக்கு நீங்க பேசுனது அவங்களுக்கு விளங்கலீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த உண்மையான பதிலைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. நான் பேசியது விளங்காமல் போகவில்லை. பேசியதை நான் எழுதிக் கொடுக்கவில்லை.

நடந்தது இதுதான். மார்ச் மாதம் காணொளியில் ஹியரிங் நடந்தது. எதிராக இரண்டு பழைய ஆவணங்கள் வைக்கப்பட்டிருந்தன. இந்தத் தொழிலில் அவற்றை டி1, டி2 என்போம். டி1 காய்கறி கழுவும் கன்வேயர், தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துவது. டி2 நாரிலிருந்து உப்பை நீக்கும் முறை. இரண்டையும் சேர்த்தால் இந்த இயந்திரம் எவருக்கும் எளிதாகத் தோன்றியிருக்கும் என்பது ஆட்சேபணை. நான் நாற்பது நிமிடம் பேசினேன். நார்த்தூள் தண்ணீர் பட்டதும் உப்பி, சல்லடைக் கண்ணை அடைத்துவிடும். டி1-இல் அதைப் போட்டால் பத்து நிமிடத்தில் நின்றுபோகும். அந்த அடைப்பை எடுப்பதற்காகத்தான் தட்டு சாய்கிறது. இதுதான் எங்கள் கண்டுபிடிப்பின் உயிர். நன்றாகவே பேசினேன்.

ஹியரிங் முடிந்த பிறகு எழுத்துபூர்வ வாதத்தைக் கொடுக்க, காப்புரிமை விதிகளின் 28(7)-ஆம் விதி 15 நாள் தருகிறது. அந்த மாதம் வேறு இரண்டு வேலைகளில் மாட்டிக்கொண்டு, பதினைந்தாம் நாள் மாலை ஒன்றரைப் பக்கம் எழுதி ஏற்றினேன். தண்ணீர் மிச்சமாகும் என்று எழுதினேன், ஏற்றுமதிக்கு உதவும் என்று எழுதினேன். தூள் உப்புவதையும் சல்லடை அடைவதையும் தட்டு எதற்காகச் சாய்கிறது என்பதையும் எழுத விட்டுவிட்டேன். பேசிவிட்டோமே என்ற நினைப்பு. அந்த ஒன்றரைப் பக்கத்தை வைத்துப் பார்த்தால் யாராக இருந்தாலும் அந்த ஆணையைத்தான் எழுதியிருப்பார்கள்.

நான் காப்புரிமை முகவர், வழக்கறிஞர் அல்ல. உயர் நீதிமன்றத்தில் வாதாட எனக்கு உரிமை கிடையாது. அதனால் பாரிமுனையில் எனக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் கோப்பை எடுத்துக்கொண்டு போனேன். தெளிவானவர். நான் தூள், சல்லடை, சாய்வு எல்லாவற்றையும் விளக்க விளக்கத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், “சரி, இது ரெக்கார்டில் எங்கே இருக்கிறது?” என்றார்.

அந்தக் கேள்வியை அடுத்த இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் எத்தனை முறை கேட்டார் என்பதற்குக் கணக்கில்லை.

அப்பீல் என்றால் நீதிபதி முன்னால் இயந்திரத்தைக் கொண்டுபோய் வைத்து, முதலிலிருந்து எல்லாம் சொல்லலாம் என்று கண்டுபிடிப்பாளர்கள் நினைக்கிறார்கள். நானும் அரைகுறையாக அப்படித்தான் நினைத்திருந்தேன். நீதிமன்றம் முதலில் பார்ப்பது, விண்ணப்பத்தை முடிவு செய்யும் காப்புரிமை அலுவலக அதிகாரியான கன்ட்ரோலர் முன்னால் என்ன இருந்தது, அதை வைத்து அவர் எடுத்த முடிவு சரியா என்பதைத்தான். பெரியவர் ஆணை வந்த பிறகு ஒரு கல்லூரி ஆய்வகத்தில் தூளைக் கொடுத்து, கழுவும் முன்னும் பின்னும் உப்பு அளவு எடுத்து அறிக்கை வாங்கி வைத்திருந்தார். பார்த்ததும் எனக்குப் பெரிய சந்தோஷம். வழக்கறிஞர் அதைத் தனியாக ஒதுக்கி வைத்தார். அப்பீலில் புதுச் சான்று கொடுக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆம் கட்டளை, 27-ஆம் விதிப்படி தனி மனு வேண்டும், உரிய முயற்சி எடுத்தும் அப்போது ஏன் கொடுக்க முடியவில்லை என்பதற்குக் காரணம் வேண்டும். “ஆய்வகம் அப்போதும் அங்கேதான் இருந்தது, தூளும் இருந்தது. என்ன காரணம் எழுதுவது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. விண்ணப்பம் போடும்போதே, குறைந்தது, காப்புரிமை அலுவலகம் ஆட்சேபணைகளை எழுதி அனுப்பும் முதல் ஆய்வு அறிக்கைக்குப் பதில் எழுதும்போதாவது, அந்த அளவீட்டை எடுத்திருக்க வேண்டும். சில ஆயிரம் ரூபாய் செலவு. இப்போது எந்தச் சிறுதொழில்காரர் வந்தாலும் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன்: அளந்து வையுங்கள், தேதி போட்டு வையுங்கள்.

நிராகரிப்பு ஆணை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு டெல்லி உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பை எல்லோரும் காட்டுவார்கள். 2022 மார்ச் 31 அன்று வந்த அக்ரிபோர்டு இன்டர்நேஷனல் வழக்கு. எளிதாகத் தோன்றக்கூடியது என்று நிராகரிக்கும்போது கன்ட்ரோலர் மூன்றைப் பார்க்க வேண்டும் என்றது: பழைய ஆவணத்தில் இருப்பது என்ன, இந்த விண்ணப்பத்தில் இருப்பது என்ன, துறை தெரிந்த ஒருவருக்கு முதலாவதிலிருந்து இரண்டாவது எப்படி எளிதாகத் தோன்றும். முடிவை மட்டும் சொல்லிவிட்டு ஆணையை முடிக்க முடியாது. விண்ணப்பதாரர் தரப்பில் இந்தத் தீர்ப்பை ஆயுதமாக மட்டுமே பார்க்கிறோம். எனக்கு அது வேறு விதத்திலும் உதவியது. கன்ட்ரோலர் எழுத வேண்டிய அந்த மூன்றையும் நானே என் எழுத்து வாதத்தில் அதே வரிசையில் எழுதிக் கொடுத்தால் என்ன? டி1-இன் இத்தனையாவது பத்தி இதைச் சொல்கிறது. கண்டுபிடிப்பை விவரித்து விண்ணப்பத்தோடு கொடுத்த எங்கள் விவரக்குறிப்பின் இத்தனையாவது பக்கம் இதைச் சொல்கிறது. இதிலிருந்து அதற்குப் போக முடியாததற்குக் காரணம் இது. அப்படிக் கொடுத்த பிறகு ஆணை அதைத் தொடாமல் போனால் அந்த இடைவெளி நீதிபதியின் கண்ணில் தானாகவே படும். நாம் ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, ஆணை சுருக்கமாக இருக்கிறது என்று புகார் சொன்னால் எடுபடாது.

அடுத்து காலக்கெடு. காப்புரிமைச் சட்டத்தின் 117-ஏ பிரிவு, ஆணையின் தேதியிலிருந்து மூன்று மாதம் தருகிறது. அதற்குமேல் போனால் உயர் நீதிமன்றம் தன் விதிகளின்படி அனுமதித்தால்தான் உண்டு. நமக்குத் தெரியவந்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. ஆணையில் போட்டிருக்கும் தேதியை வைத்து எண்ணுவதுதான் பத்திரம். எங்களுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 14. நாங்கள் தாக்கல் செய்தது செப்டம்பர் 22.

அந்த எட்டு நாளுக்கும் நான்தான் காரணம். அலுவலகம் மாறியபோது மின்னஞ்சல் முகவரியையும் மாற்றியிருந்தேன். மற்ற விண்ணப்பங்களில் எல்லாம் முறைப்படி புது முகவரியைப் பதிவு செய்தேன், இந்த ஒன்றில் விட்டுப்போயிற்று. ஆணை பழைய முகவரிக்குச் சரியாகவே போயிருந்தது. தாமத மன்னிப்பு மனுவுக்கான பிரமாணப் பத்திரத்தில் இதை அப்படியே எழுதலாமா, உடம்பு சரியில்லை என்று ஏதாவது எழுதலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். வழக்கறிஞர் யோசிக்கவே விடவில்லை. எந்தத் தேதியில் முகவரி மாறியது, எந்தத் தேதியில் ஆணையைப் பார்த்தேன், எந்தத் தேதியில் பெரியவருக்குச் சொன்னேன், அவர் எந்தத் தேதியில் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார் என்று நாள்வாரியாக எழுதினோம். பழைய மின்னஞ்சல் பெட்டியின் படத்தையும் இணைத்தோம். எதிர்த்தரப்பில் மத்திய அரசு வழக்கறிஞர் பெரிதாக எதிர்க்கவில்லை, மனு அனுமதிக்கப்பட்டது. அதனால் எட்டு நாள் சாதாரணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மனு விசாரணைக்கு வந்து முடியும்வரை அப்பீலுக்கு எண்ணே கிடைக்காது, அதுவரை அது ஒரு எஸ்.ஆர். நம்பர்தான், அதாவது தற்காலிக எண்.

எஸ்.ஆர். நம்பர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். தாக்கல் செய்த காகிதத்தை நீதிமன்றப் பிரிவு சரிபார்த்து, குறை இருந்தால் ‘ரிட்டர்ன்’ போடும். எங்கள் டைப்டு செட்டில், அதாவது அப்பீலோடு கொடுக்கும் ஆவணத் தொகுப்பில், டி2-இன் நகல் மங்கலாக இருந்தது, படங்களுக்குப் பக்க எண் இல்லை. திருத்தி மறுபடி கொடுக்க நாள் குறித்துத் தருவார்கள். அந்த நாளையும் தவறவிட்டால் அதற்கொரு தனித் தாமத மனு போட வேண்டும். ஆவணங்களைத் தெளிவாக நகலெடுப்பதையும் பக்க எண் போடுவதையும் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். படம் மங்கலாக இருந்தால் இயந்திர வழக்கில் நீதிபதிக்கு எதுவுமே புரியாது.

மறுஆய்வு மனு பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். தன் ஆணையைத் தானே மறுஆய்வு செய்யும் அதிகாரம் 77(1)(எஃப்) பிரிவில் கன்ட்ரோலருக்கு உண்டு. ஆணை கிடைத்த ஒரு மாதத்துக்குள் கேட்க வேண்டும், இன்னும் ஒரு மாதம் நீட்டிப்பு கேட்கலாம். ஆணையில் பளிச்சென்று ஒரு தவறு இருந்தால் அது நல்ல வழி, செலவும் குறைவு. ஆனால் மறுஆய்வு போட்டால் அப்பீலின் மூன்று மாதம் நிற்கும் என்று சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. மறுஆய்வுக்குக் காத்திருந்தே அப்பீல் காலத்தைத் தொலைத்த ஒருவரை எனக்குத் தெரியும்.

அப்பீலே கிடையாத ஆணைகளும் இருக்கின்றன. ஒரு கல்லூரிப் பேராசிரியை என்னிடம் வந்தார். அவருடைய விண்ணப்பத்துக்கு முதல் ஆய்வு அறிக்கை வந்து, ஆறு மாதமும் நீட்டிப்பு மூன்று மாதமும் முடிந்து, 21-ஆம் பிரிவின்படி கைவிடப்பட்டதாகக் கருதப்பட்டுவிட்டது. பதில் கொடுத்தாயிற்று என்றே அவருடைய அப்போதைய முகவர் சொல்லி வந்திருக்கிறார். பேராசிரியைக்கு அப்பீல் போட வேண்டும். ஆனால் 117-ஏ பிரிவு எந்தெந்தப் பிரிவுகளின் ஆணைக்கு அப்பீல் உண்டு என்று பட்டியலிடுகிறது. அதில் நிராகரிப்புக்கான 15-ஆம் பிரிவு இருக்கிறது, கைவிடப்பட்டதாகக் கருதும் 21-ஆம் பிரிவு இல்லை. ஆக, ரிட் மனுதான் வழி.

அந்த வழியில் இரண்டு தீர்ப்புகள் முக்கியமானவை. 2010-இல் எரிக்சன் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், கைவிடுதல் என்பது விண்ணப்பதாரர் அறிந்து செய்யும் செயல், ஆட்சேபணைகளுக்குப் பதில் கொடுத்தவரைக் கைவிட்டவராகக் கருத முடியாது என்றது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியமே மனுதாரராக இருந்த ஒரு வழக்கில், முகவரின் கவனக்குறைவால் விண்ணப்பம் போயிருந்தது. விண்ணப்பதாரர் தரப்பிலிருந்து தொடர்ந்து விசாரித்துக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்ததற்கு ஆதாரம் இருந்தது. கைவிடும் எண்ணம் இல்லை என்று ஏற்று, விண்ணப்பத்தை மீட்டுக் கொடுத்தது அதே நீதிமன்றம். பேராசிரியையிடம் பதினொரு மின்னஞ்சல்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் “என் விண்ணப்பம் என்னவாயிற்று?” என்று ஒரே வரி. அந்தப் பதினொரு வரிகள்தான் அவருடைய ரிட் மனுவின் முதுகெலும்பு, அவற்றை வைத்தே விண்ணப்பம் திரும்பக் கிடைத்தது. உங்கள் முகவரிடம் எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். நான் முகவர், நானே சொல்கிறேன். போனில் கேட்டால் நாங்கள் நல்லபடியாகப் பதில் சொல்வோம், ஆனால் நாளைக்கு அது எங்கேயும் இருக்காது.

எந்த நீதிமன்றம் என்பதிலும் தடுக்கி விழுபவர்கள் உண்டு. 2021 ஏப்ரல் வரைக்கும் இந்தக் கேள்வியே கிடையாது. அப்பீல் எல்லாம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகும். அது கலைக்கப்பட்டதும் வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்கு வந்தன. கொல்கத்தா, டெல்லி, மும்பை, சென்னை என்று காப்புரிமை அலுவலகம் நான்கு இடத்தில் இருக்கிறது. விண்ணப்பங்களை ஆராயும் வேலை கணினி மூலம் பங்கிடப்படுவதால், டெல்லியில் போட்ட விண்ணப்பத்தைச் சென்னையில் இருக்கும் கன்ட்ரோலர் முடிக்கலாம். அப்போது அப்பீல் எங்கே? 2022 நவம்பரில் டாக்டர் ரெட்டீஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது: விண்ணப்பம் எந்த அலுவலகத்துக்கு உரியதோ, அந்த அலுவலகம் இருக்கும் இடத்து உயர் நீதிமன்றம். ஆணையில் கையெழுத்திட்டவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பது பொருட்டல்ல. பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி விண்ணப்பதாரர்கள் சென்னை அலுவலகத்துக்கு உரியவர்கள், எனவே அப்பீலுக்குப் பாரிமுனையில் இருக்கும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும். இது தெரியாமல் தங்கள் ஊர் உயர் நீதிமன்றத்துக்கு ஓடிக் காலத்தைச் செலவழிப்பது பெரிய துயரம்.

நடைமுறை எவ்வளவு தூரம் ஒரு வழக்கை இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு நம் சென்னையில் தொடங்கிய வழக்கே இருக்கிறது. நோவார்டிஸ் நிறுவனத்தின் க்ளீவெக், ரத்தப் புற்றுநோய் மருந்து. 1998 ஜூலையில் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் போட்ட விண்ணப்பம், 2006 ஜனவரியில் நிராகரிக்கப்பட்டது. 117-ஏ பிரிவு ஏட்டில் இருந்தாலும் அப்போது நடைமுறைக்கு வரவில்லை, அதனால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட். 2007 ஏப்ரலில் பிரிவு நடைமுறைக்கு வந்ததும் வழக்கு வாரியத்துக்கு மாறியது. வாரியத்தில் யார் உட்கார்வது என்பதே தனிச் சண்டையானது. 2009 ஜூனில் வாரியம் முடிவு சொன்னது. அங்கிருந்து நோவார்டிஸ் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. உயர் நீதிமன்றத்தைத் தாண்டி இப்படி நேரடியாக வருவதை ஊக்குவிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் உச்ச நீதிமன்றம் வழக்கைக் கேட்டது. விஷயத்தின் முக்கியத்துவமும், காப்புரிமைக் காலத்தில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்ததும் காரணம். 2013 ஏப்ரல் 1 அன்று தீர்ப்பு. தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்குக் காப்புரிமையைக் கட்டுப்படுத்தும் 3(டி) பிரிவைப் பற்றி அந்தத் தீர்ப்பு சொன்னதை எல்லோரும் பேசுகிறோம். என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பதினைந்து வருடப் பயணமும் ஒரு பாடம். காப்புரிமையின் இருபது ஆண்டுகள் விண்ணப்பத் தேதியிலிருந்து எண்ணப்படுகின்றன. வழக்கு நடக்கும்போது அந்தக் கடிகாரம் நிற்பதில்லை.

எதிர்ப்பு தெரிவிக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். காப்புரிமை தருவதற்கு முன்னால் 25(1) பிரிவில் எதிர்ப்புக் கொடுத்து, அது தள்ளுபடியானால் எதிர்த்தவருக்கு அப்பீல் கிடையாது. 2010-இல் யூ.சி.பி. ஃபார்ச்சிம் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், அக்கறையுள்ள தரப்பாக இருந்தால் காப்புரிமை தந்த பிறகு எதிர்க்கும் வழி இருக்கிறது, எனவே ரிட்டும் நிற்காது என்றது. அதே எதிர்ப்பு வென்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் விண்ணப்பதாரருக்கு அப்பீல் உண்டு. தந்த பிறகான எதிர்ப்பில், எதிர்ப்புக் குழு தரும் பரிந்துரையின் நகலை இரு தரப்புக்கும் கொடுக்க வேண்டும் என்பது 2012-இல் சிப்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நகல் வந்ததா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ஹியரிங்குக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். அப்புறம், எல்லா வழியிலும் ஒரே நேரத்தில் ஓட முடியாது. 2014-இல் ஆலாய்ஸ் வோபன் வழக்கில், காற்றாலை சம்பந்தப்பட்டது, உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. எதிர்ப்பு மனு, ரத்து மனு, எதிர்வழக்கு ஆகியவற்றில் யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெரியவரின் வழக்குக்கு வருகிறேன். எங்களைக் காப்பாற்றியது விவரக்குறிப்பின் ஆறாம் பக்கத்தில் இருந்த இரண்டு வரி. “தூள் ஈரமானதும் பருத்துத் துளைகளை அடைப்பதால், தட்டு இடைவெளி விட்டுச் சாய்க்கப்படுகிறது.” பட்டறையில் அவர் சொன்னதை, முக்கியம் என்று தெரியாமலே அன்று எழுதி வைத்திருந்தேன். மூன்றாம் படத்தில் சாயும் கோணமும் வரையப்பட்டிருந்தது. வழக்கறிஞர் கேட்டபோது முதன்முறையாக என்னால் விரலை வைத்துக் காட்ட முடிந்தது: “இங்கே இருக்கிறது, மேடம்.”

ஆனால் அது விவரக்குறிப்பில் மட்டுமே இருந்தது, முதல் க்ளெய்மில் இல்லை. எதற்கு உரிமை கேட்கிறோம் என்று எல்லை போட்டுச் சொல்லும் பகுதிதான் க்ளெய்ம். நான் க்ளெய்மை அகலமாக வைத்திருந்தேன். 59-ஆம் பிரிவின்படி க்ளெய்மைத் திருத்தலாம், ஆனால் விவரக்குறிப்பில் ஏற்கெனவே இருப்பதைத் தாண்டக் கூடாது, பழைய க்ளெய்மின் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். க்ளெய்மைச் சுருக்கும் திருத்தங்களைத் தாராளமாகவே பார்க்க வேண்டும் என்று 2022 ஜூலையில் நிப்பான் ஏ அண்டு எல் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. சாயும் அமைப்பை முதல் க்ளெய்முக்குள் கொண்டுவந்து, சுருக்கிய தொகுப்பை அப்பீலில் முன்வைத்தோம். பெரியவருக்கு மனசே இல்லை. “பாதியை விட்டுக்கொடுக்கறமுங்களே” என்றார். உங்களைப் பார்த்து யார் காப்பி அடித்தாலும் தட்டு சாயாமல் அந்த இயந்திரம் ஓடுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஓடாதுங்க” என்றார். சரி, அப்படியென்றால் விட்டுக்கொடுப்பது எதுவும் இல்லை என்றேன். ஒப்புக்கொண்டார்.

2024-இல் ஒருநாள் காலை பட்டியலில் வந்தது. நான் வழக்கறிஞருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வாதம் இருபது நிமிடம்கூட நடக்கவில்லை. திருத்திய க்ளெய்ம்களை எடுத்துக்கொண்டு, இரு பக்கமும் கேட்டுவிட்டு, ஆணையை ரத்து செய்து மறுபரிசீலனைக்கு அனுப்பினார் நீதிபதி. வேறொரு கன்ட்ரோலர் பார்க்க வேண்டும், ஹியரிங் தர வேண்டும், நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும், கண்டுபிடிப்பின் தகுதி பற்றி நீதிமன்றம் கருத்து எதுவும் சொல்லவில்லை. இந்தக் கடைசி வரியைக் கட்சிக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அப்பீல் வென்றதும் காப்புரிமை கையில் வந்துவிடும் என்று நினைத்து இனிப்பு வாங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கிடைப்பது இன்னொரு வாய்ப்பு. அதற்குள் செலவும் வருடங்களும் போயிருக்கும். அதுவும் போதுமா என்று அப்பீலுக்கு முன்பே உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

இரண்டாவது ஹியரிங்கில் பெரியவரும் காணொளியில் வந்து உட்கார்ந்தார். கைநிறைய உலர்ந்த தூளை எடுத்து ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். அது உப்பி விளிம்புவரை ஏறியது. கன்ட்ரோலர் இரண்டு கேள்வி கேட்டார், பெரியவரே பதில் சொன்னார். அன்று மாலையே என்ன கேட்டார்கள், என்ன சொன்னோம் என்பதை எழுதி, டம்ளரைப் படம் எடுத்துச் சேர்த்தேன். ஆய்வக அறிக்கைக்கும் இப்போது இடம் கிடைத்தது. ஒன்பதாம் நாள் பதினான்கு பக்கம் தாக்கல் செய்தேன். டி1-க்கும் டி2-க்கும் தனித்தனியாக, பத்தி எண்ணோடு.

அந்த வருடம் முடிவதற்குள் காப்புரிமை வந்தது. போனில் சொன்னபோது அவருக்கு உடனே பேச்சு வரவில்லை. பிறகு, “இனி யாரும் எதுவும் பண்ண முடியாதுங்களே தம்பி?” என்று கேட்டார். காப்புரிமை தந்த செய்தி வெளியான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள், அக்கறையுள்ள யாரும் 25(2) பிரிவில் எதிர்ப்புக் கொடுக்கலாம் என்று சொன்னேன். எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டார். சொன்னேன். “இருங்க” என்றார். அந்தப் பக்கம் சுவரிலிருந்து கேலண்டரை எடுக்கும் சத்தம் கேட்டது.